முப்பத்தொன்றாம் இலக்கச் சத்தம்

நான் பொறியியல் பீடத்தில் இறுதி வருடம் படித்தபோது எங்கள் வகுப்பில் மூன்று குழுக்கள் புற்றுநோயைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தன. இரண்டு குழுக்கள் சீனி வருத்தம் என்கிற நீரிழிவால் பழுதாகும் கண்களைப் பார்த்தன. இன்னொரு குழு, மூளையின் மின்னலைகளை வைத்து ஒரு மனிதன் கவலையாக இருக்கிறானா இல்லையா என்று சொல்லப்போவதாக அறிவித்திருந்தது. இத்தனையும் ஒரே அறைக்குள், ஏசி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நடந்தன. அந்த அறைக்குள் ஒரு நோயாளி கால் வைத்ததை நான் காணவில்லை. நோயாளிகளெல்லாம் எங்கோ வெளிநாட்டு ஆசுபத்திரிகளில் படுத்திருந்தார்கள். அவர்களுடைய ஸ்கேன் படங்களும் இதயத் துடிப்புகளும் இணையத்தில் சும்மா கிடந்தன. அவற்றை இறக்கி எடுத்து, யாரோ எழுதி வைத்த மென்பொருளுக்குள் போட்டு, நூறைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் ஒரு சதவீதத்தை வெளியே எடுப்போம். அதற்கு எங்கள் பீடத்தில் ஆய்வு என்று பெயர்.

நானும் அதைச் செய்தவள்தான். மற்றவர்களைத் திட்டுவதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

எனக்குக் கிடைத்தது இதயம். இதய வால்வு நல்லபடி இருந்தால் 'லப்', 'டப்' என்று இரண்டு சத்தம். வால்வு பழுதென்றால் இடையில் மூன்றாவதாக ஒரு சத்தம் வரும். டொக்டர்மார் அதை ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார்கள். நாங்கள் ஸ்டெதஸ்கோப்பின் குழாயை வெட்டி, அதற்குள் ஒரு சின்ன மைக்கைச் செருகி, போனில் பதிவெடுத்து, கணினியைக் கேட்கச் செய்வோம். கணினி 'நோர்மல்' என்றோ 'நோர்மல் இல்லை' என்றோ தீர்ப்புச் சொல்லும். டொக்டர் இல்லாத ஊர்களுக்கு இது விடிவு என்று எங்கள் முன்மொழிவின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தோம். நான் மருதமுனைக்காரி. பத்து நிமிடம் பைக்கில் போனால் இரண்டு பெரிய ஆசுபத்திரிகள் வரும். டொக்டர் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் எழுதினேன்.

என்னோடு சேர்ந்து செய்த கூட்டாளி பொத்துவில்காரன். அவனுடைய வீட்டில் அறுகம்பேக்கு அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு அறைகள் வாடகைக்கு விடுவார்கள். சின்ன வயதிலிருந்தே அவர்களோடு கதைத்துக் கதைத்து அவனுக்கு ஆங்கிலம் தண்ணீர் குடிக்கிற மாதிரி. கெட்டிக்காரன். முதல் நாளே என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டான்.

"எனக்கு ஒரு ரிசர்ச் பேப்பர் வேணும். ஒண்டே ஒண்டு. அத வெச்சி வெளிநாட்டுக்கு அப்ளை பண்ணிருவன். இதயம் கிதயம் எல்லாம் எனக்குப் பிரச்சினை இல்ல."

குறைந்தது அவன் பொய் சொல்லவில்லை.

எங்கள் மேற்பார்வையாளர், எங்களுக்கு 'சேர்', வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் எடுத்து வந்தவர். தேநீர் கொண்டுவந்து வைக்கும் நானாவுக்குக்கூட ஆங்கிலத்தில்தான் நன்றி சொல்வார். நாங்கள் கொண்டுபோகும் வரைபடங்களில் கோட்டின் நிறம் பிடிக்காவிட்டால் முகம் சுருங்கும், திருப்பி அனுப்புவார். கோடு காட்டும் கணக்கு சரியா என்று ஒருநாளும் கேட்டதில்லை. எந்தக் கருவிக்கும் அவர்தான் பெயர் வைப்பார். நாலு ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துகளைப் பொறுக்கி, கோர்த்து, கேட்க அழகாக ஒரு பெண்பிள்ளையின் பெயர் மாதிரி வரச் செய்வார். எங்கள் கருவிக்குப் பெயர் வைக்க மட்டும் அவருக்கு இரண்டு வாரம் எடுத்தது. கருவியை நாங்கள் மூன்று நாளில் செய்து முடித்திருந்தோம்.

வெளிநாட்டுப் பதிவுகளில் எங்கள் கணினி அபாரமாகத் தேறியது. அப்போதுதான் சேருக்கு ஒரு யோசனை வந்தது.

"உள்ளூர் ஆக்கள்ட்ட எடுத்தா பேப்பருக்கு இன்னும் பாரமா இரிக்கும். ஒரு கேம்ப் போடுவம்."

கேம்ப் பாலமுனையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சீனியும் பிரஷரும் இலவசமாகப் பார்க்கப்படும் என்று பள்ளிவாசலில் அறிவித்திருந்தார்கள். இதயச் சத்தம் பதிவெடுப்பதைப் பற்றி அறிவிப்பில் ஒரு சொல்லும் இல்லை. சொன்னால் சனம் பயந்து வராது என்று சேர் சொன்னார். காலை எட்டு மணிக்கே ஆட்கள் வெறும் வயிற்றோடு வந்து குந்திவிட்டார்கள். ஒன்பதரைக்குப் பிரதம அதிதி வந்தார். பதினொரு மணி வரை பேச்சு. தொழில்நுட்பம் ஏழையின் வாசலுக்கு வந்துவிட்டதாக ஒருவர் பேசினார். வாசலில் ஒரு கிழவர் தலைசுற்றி விழுந்ததும் அவருக்கு யாரோ பிஸ்கட் கொடுத்து உட்காரவைத்தார்கள். பேச்சு நிற்கவில்லை.

பெண்களைப் பதிவெடுக்கும் வேலை எனக்கு. மண்டபத்தின் மூலையில் ஒரு சேலையைக் கட்டி மறைத்து, உள்ளே உட்கார ஒரு கதிரையும் படுக்க ஒரு நீள வாங்கும் போட்டிருந்தார்கள். சேரும் கூட்டாளியும் சேலைக்கு அந்தப் பக்கம். வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும். ஆய்வுக்கு அனுமதி தந்த ஒழுக்கநெறிக் குழு அப்படித்தான் சொல்லியிருந்தது; பெயர்ப் பட்டியல் தனியே சேரிடம் போகும். மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. வெளியே கடல். மீன்காரரின் ஹோர்ன். சின்னப் பிள்ளைகளின் அழுகை. வெளிநாட்டுப் பதிவுகளில் இந்த ஒன்றும் இருந்ததில்லை. அவை ஊசி விழுந்தாலும் கேட்கும் அறைகளில் எடுத்தவை.

முப்பத்தொன்றாம் இலக்கமாக வந்தவள் என்னைவிட நாலைந்து வயது கூடியவள். ஆறு மாதக் கர்ப்பிணி. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி சேலைக்குள் நுழைந்தாள்.

"சீனி பாக்கிற எண்டுதானே சொன்ன? இதென்ன புள்ள, நெஞ்சில வெக்கிற?"

"இதயச் சத்தம் எடுக்கிறம் ராத்தா. நோகாது."

கதிரையில் இருந்தவள் மூச்சு வாங்கினாள். மண்டபத்து வாசலிலிருந்து இருபது அடிதான் நடந்து வந்திருப்பாள்.

"கிணத்தில ரெண்டு வாளி அள்ளினாலே இப்ப மூச்சு எடுக்க ஏலாம வருது. வயித்தில புள்ள இரிந்தா அப்பிடித்தானே?"

"ஓம் ராத்தா, அப்பிடித்தான்" என்றேன்.

வைத்தியத்தில் ஒரு பாடமும் படிக்காத நான் அப்படிச் சொன்னேன். பதிவெடுத்தேன். இலக்கத்தை எழுதினேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். பிறகு பலரை இகழ்ந்திருக்கிறேன். அந்த "ஓம்" சொன்ன என்னைவிட அவர்களில் யாரும் பெரிதாக மோசமில்லை.

பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்ததும், பாலமுனையில் வந்தவர்களில் இரண்டு பேருக்கு ஒருவர் இதய நோயாளி என்று அது தீர்ப்புச் சொன்னது. மின்விசிறியும் அலையும் ஹோர்னும் அதற்கு வால்வுப் பழுதாகக் கேட்டிருக்கின்றன. கூட்டாளி தலையில் கைவைத்தான். சேர் அசையவில்லை.

"டேட்டா அழுக்கா இரிக்கி. கழுவுங்க" என்றார்.

கழுவுவது என்றால், முதலில் வடிகட்டி போடுவது. தாழ்ந்த சத்தங்களை எல்லாம் வெட்டிவிடுவது. அதற்குப் பிறகும் கணினிக்குக் கட்டுப்படாத பதிவுகளை 'சத்தம்' என்று ஒரு பட்டியலில் போட்டு எறிந்துவிடுவது. இறுதியில் மிஞ்சுவது கணினிக்குப் பிடித்த பதிவுகள் மட்டும். சதவீதம் தானாக மேலே ஏறும். பரீட்சையில் தேறாத பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பிவிட்டு, எங்கள் பாடசாலையில் எல்லாரும் சித்தியடைந்துவிட்டார்கள் என்று பெனர் கட்டுகிற வேலை.

எறியவேண்டிய பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கூட்டாளி திரையில் அலைகளின் படத்தைப் பார்த்தே எறிந்துவிடலாம் என்றான். எனக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் தலையிடிக்கும். அதனால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். இந்த விஷயத்தில் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை; கேட்பது எனக்குச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

முப்பத்தொன்றைக் கேட்கும்போது முதலில் மின்விசிறிதான் கேட்டது. பிறகு அவளுடைய குரல், "கூசுது புள்ள" என்று. பிறகு லப், டப். அந்த டப்புக்குப் பிறகு, அடியிலே, மிகத் தாழ்வாக ஓர் உறுமல். மரப்பாலத்தின் மேல் லொறி போகிற மாதிரி. அடுத்த துடிப்பிலும் அதே இடத்தில். அதற்கடுத்ததிலும். இருபது துடிப்பு எண்ணினேன், இருபதிலும் இருந்தது. மின்விசிறி அவளுடைய இதயத்துக்குத் தாளம் போட்டுச் சுற்றுமா? கடல் அவள் மூச்சுக்குக் காத்திருந்து அலை அடிக்குமா?

கூட்டாளியிடம் ஹெட்போனை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. திரையைப் பார்த்தான்.

"ஃபேன் சத்தம்."

"கேட்டுப் பாரு."

"கேக்கத் தேவல்ல. தாழ்ந்த சத்தம் எல்லாம் ஃபேன்தான். எல்லாப் பதிவிலயும் இரிக்கி."

சேரிடம் கொண்டுபோனேன். அவரும் ஹெட்போனை வாங்கவில்லை. என்னுடைய மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு விசையைத் தட்டி வடிகட்டியைப் போட்டு, பதிவைத் திரும்பக் கணினிக்குக் கொடுத்தார். திரையில் அந்த உறுமல் இருந்த இடம் வழுவழுப்பாகிவிட்டது.

"பாத்தீங்களா? போயிட்டுது. இப்ப கணினியும் நோர்மல் எண்டு சொல்லுது. விருப்பம் எண்டா நோர்மல்ல சேருங்க. இல்லாட்டி எறிங்க."

இவ்வளவு சுலபமாக ஒரு மனிசிக்கு வருத்தம் குணமானதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"சேர், அந்த ஆள் யார் எண்டு பாக்கணும். பெயர் விவரம் உங்கட அலுமாரியில இரிக்கே..."

"அது குடுக்க ஏலாது. ஒழுக்கநெறி."

அந்தச் சொல்லை அவர் எவ்வளவு சுத்தமாக உச்சரித்தார் என்பது இன்னும் என் காதில் இருக்கிறது. சீனி பார்க்கிறோம் என்று சொல்லி நெஞ்சில் மைக் வைத்தபோது அலுமாரிக்குள் தூங்கிய ஒழுக்கநெறி, இப்போது எழுந்து நின்று கதவைப் பூட்டியது.

அன்றே கூட்டாளி முப்பத்தொன்றை எறியும் பட்டியலில் போட்டுவிட்டான். கணினியிலிருந்த பதிவுகளை எல்லாம் போனில் ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் கழித்து பஸ் ஏறினேன். வீட்டில் உம்மாவிடம் கம்பஸ் வேலை என்றேன். பாலமுனையில் அன்று கர்ப்பிணிகள் கிளினிக். அங்கே இருந்த மிட்வைஃப் மிஸ்ஸுக்கு ஐம்பது வயதிருக்கும். வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவரின் பெயரையும் கார்டைப் பார்க்காமலே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் குறையும் வரை நின்று, அருகில் போனேன்.

"நீங்க டொக்டரா?"

"இல்ல மிஸ். கம்பஸ்."

"டொக்டருக்குப் படிக்கிறீங்களா?"

"இல்ல. எஞ்சினியர்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எஞ்சினியர் புள்ளைக்கு இஞ்ச என்ன வேல? அண்டைக்கு வந்து கொடி கட்டிப் பேசிட்டுப் போன கூட்டமா?"

"ஓம் மிஸ்."

"அந்தக் கேம்புக்கு என்ட தாய்மார் பதினாலு பேர் வெறும் வயித்தோட வந்து கிடந்தாளுகள். ஆறு மாசம், ஏழு மாசம். ஒருத்தருக்கும் ஒரு முடக்குத் தண்ணி குடுக்கல்ல."

கார்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, "சரி, சொல்லுங்க" என்றார். அன்று நெஞ்சில் மைக் வைத்து இதயச் சத்தம் பதிவெடுத்ததையும் அதில் ஒருத்தியைத் தேடுவதையும் சொன்னேன். ஆறு மாதம், செருப்பைக் கையில் பிடித்து நடப்பவள், சிரிப்பவள், கிணற்றில் அள்ளினால் மூச்சு வாங்குகிறது என்றவள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்றேன். சேரின் அலுமாரி திறக்கத் தேவையே இருக்கவில்லை. மிஸ் உடனே தலையாட்டினார்.

"அவள்தான். எனக்கிட்டயும் சொன்னவள் மூச்சு வாங்குது எண்டு. கார்ட்ல எழுதி வெச்சிரிக்கன், அடுத்த கிளினிக்குக்கு டொக்டருக்குக் காட்ட. என்ன, சத்தத்தில ஏதும் கேட்டயா?"

ஹெட்போனைக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் வாங்காத, கூட்டாளி வாங்காத அந்த ஹெட்போனை மிஸ் முந்தானையை ஒதுக்கிவிட்டுக் காதில் மாட்டிக்கொண்டார். கண்ணை மூடிக் கேட்டார். கழற்றினார்.

"எனக்கு இது விளங்காது புள்ள. புள்ளைட துடிப்புத்தான் கேட்டுப் பழக்கம். ஆனா ஏதோ உரசுற மாதிரி இரிக்கி. அடுத்த கிளினிக் வரைக்கும் பாத்துக்கிட்டு இரிக்கத் தேவல்ல. வாங்க, வீட்ட போவம்."

வீடு கடற்கரைப் பக்கமாக இரண்டு ஒழுங்கை தள்ளி. புருஷன் கடலுக்குப் போயிருந்தான். அவளும் அவளுடைய உம்மாவும் முற்றத்தில் பாய் விரித்து நெல் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். என்னை அடையாளம் கண்டு சிரித்தாள்.

"சீனிப் புள்ளையா? எனக்குச் சீனி இல்லெண்டுதானே சொன்ன?"

உம்மா சிரிக்கவில்லை. மிஸ் வந்து நின்ற விதத்திலேயே ஏதோ விளங்கியிருக்க வேண்டும்.

"என்ன மிஸ், என்ட மகளுக்கு என்ன?"

"ஒண்டுமில்ல எண்டு பாக்கத்தான் கூட்டிப் போறம். சின்னப் புள்ளயில இவளுக்கு முட்டு மூட்டு வீங்கிக் காய்ச்சல் ஏதும் வந்த?"

உம்மாவின் கையிலிருந்த நெல் பாயில் உதிர்ந்தது.

"ஓம். அஞ்சாம் ஆண்டு படிக்கக்குள்ள. ரெண்டு முழங்காலும் வீங்கி, நடக்க ஏலாமக் கிடந்தவள். தண்ணி ஓதிக் குடுத்தம், பிறகு ஆசுபத்திரியில ஊசி போட்டாங்க. மாசா மாசம் வரச் சொன்ன. நல்லாயிட்டாள் எண்டு பிறகு கொண்டு போகல்ல. யா அல்லாஹ், அதுக்கும் இதுக்கும் என்ன மிஸ்?"

"அது டொக்டர் சொல்லட்டும்" என்றார் மிஸ். "நாளைக்குக் காலையில வெளிக்கிடுங்க. நானும் வாறன்."

மறுநாள் நாங்கள் நாலு பேரும் பெரிய ஆசுபத்திரிக்குப் போனோம். வைத்திய நிபுணர் காரைதீவுப் பக்கத்து மனிதர். அதிகம் கதைக்காதவர். அவளை இடப்பக்கமாகச் சரிந்து படுக்கச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடி, ஒரு நிமிடம் அப்படியே இருந்தார். திரை இல்லை, நிறக் கோடு இல்லை. பிறகு அன்றே இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ எடுக்க எழுதிக் கொடுத்தார்.

பின்னேரம் முடிவு வந்தது. உம்மாவுக்கு விளங்கும்படி அவரே சொன்னார்.

"இதயத்தில ஒரு வாசல் ஒடுங்கியிருக்கு. சின்ன வயசுக் காய்ச்சலாலதான். இவ்வளவு நாளும் தாக்குப்பிடிச்சிட்டுது. இப்ப பிள்ளை வளர வளர இரத்தம் கூடும். ஒடுங்கின வாசலால அவ்வளவும் போக ஏலாது. கவனிக்காம விட்டா, பிள்ளை பெறுற நேரத்தில நுரையீரலுக்குள்ள தண்ணி கட்டியிருக்கும். இப்ப தெரிஞ்சபடியால் பயமில்லை. குளிசை தாறன். சொன்ன நாளுக்கு வரவேணும். பிள்ளைப்பேறு இங்கதான், வீட்டுக்குப் பக்கத்தில எண்டு போகக் கூடாது."

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கள் யார்? சொந்தமோ?"

"இல்ல சேர். இதயச் சத்தம் கண்டுபிடிக்கிற புரஜெக்ட் செய்றம்."

"அப்ப உங்கட மெஷின்தான் பிடிச்சதோ?"

"இல்ல சேர். மெஷின் நோர்மல் எண்டு சொன்ன."

அன்று முழுவதும் அவர் சிரித்ததை அந்த ஒருமுறைதான் கண்டேன்.

வெளியே வாங்கில் அவள் தன் உம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். "நீங்க அண்டைக்கு அப்பிடித்தான் எண்டு சொன்னயே புள்ள" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"எனக்குத் தெரியாம சொன்ன ராத்தா. மன்னிச்சிக்கங்க."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விஷயம் எப்படியோ சேரின் காதுக்குப் போயிற்று. கூட்டாளியிடம் நான் சொன்னேன், அவன் சொல்லியிருப்பான். ஒழுக்கநெறியை மீறியதற்கு ஏசுவார் என்று நினைத்துக்கொண்டு அறைக்குள் போனேன். சேர் எழுந்து நின்று வரவேற்றார்.

"அருமை! கள ஆய்வில ஒரு நோயாளிய நம்மட கருவி கண்டுபிடிச்சிரிக்கி. இத பேப்பர்ல முதல் பந்தியில போடணும். அந்தப் பொம்புளைட போட்டோ ஒண்டு எடுக்க ஏலுமா? பீடத்துட ஃபேஸ்புக் பக்கத்தில போடலாம்."

"சேர், கருவி கண்டுபிடிக்கல்ல. நம்ம அந்தப் பதிவ எறிஞ்ச."

"பதிவு யார்ட? கருவிட பதிவுதானே? அப்ப கருவிதான்."

இந்த நியாயத்தைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு கூச்சமும் தெரியவில்லை. கலாநிதிப் பட்டத்துக்கு இதைத்தான் படிப்பித்தார்களோ என்று எனக்கு அப்போது தோன்றியது. இப்போதும் சிலவேளை தோன்றும்.

அடுத்த மாதம் பீடத்தின் ஆய்வரங்கு. கூட்டாளி கோட் போட்டு, கழுத்துப் பட்டி கட்டி, அழகான ஆங்கிலத்தில் பேசினான். சேர் சொன்ன அந்த வசனம் திரையில் பெரிதாக வந்தது: கள ஆய்வில் இதுவரை கண்டறியப்படாத ஒரு நோயாளி இனங்காணப்பட்டார். சபை கைதட்டியது. விருந்தினராக வந்திருந்த ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவர் கையை உயர்த்தினார்.

"நல்ல விஷயம். அந்த நோயாளியின் சத்தத்தைக் கேட்கலாமா?"

கூட்டாளி சேரைப் பார்த்தான். அந்தப் பதிவு இப்போது கைவசம் இல்லை என்றார் சேர்.

"என்னட்ட இரிக்கி சேர்" என்று எழுந்தேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

மண்டபத்தில் அரசியல்வாதிகளின் பேச்சுக்கென்று வாங்கிய பெரிய ஒலிபெருக்கிகள் இருந்தன. என் போனை அதில் இணைத்து, முதலில் பதிவை அப்படியே போட்டேன். மின்விசிறி, அவளுடைய "கூசுது புள்ள", லப், டப், அந்த உறுமல். மண்டபத்தின் தரையே அதிர்ந்தது. டொக்டர் கிழவர் முன்னுக்குச் சரிந்து தலையாட்டினார். பிறகு வடிகட்டி போட்ட பதிவைப் போட்டேன். லப், டப். லப், டப். வேறொன்றுமில்லை.

"இதுதான் கணினிக்குக் குடுத்த பதிவு. அது நோர்மல் எண்டு சொன்ன. பிறகு இந்தப் பதிவ சத்தம் எண்டு எறிஞ்சிட்டம். அந்த ராத்தாவ கண்டுபிடிச்சது ஒரு மிட்வைஃப் மிஸ்ஸும் ஒரு வைத்திய நிபுணரும்."

தலைமை தாங்கியவர் மணிக்கூட்டைப் பார்த்து, "நேரம் போயிட்டுது, தேநீர் இடைவேளை" என்றார். சனம் எழுந்து பெற்றிஸ் பலகாரம் இருந்த மேசைப் பக்கம் போனது. கிழவர் மட்டும் என்னிடம் வந்து, "வடிகட்டியை எவ்வளவில் வைத்தீர்கள்?" என்று கேட்டு, தன் சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

சிறந்த ஆய்வுக்கான பரிசு எங்களுக்குத்தான் கிடைத்தது. சான்றிதழ்களை முந்தைய நாளே அச்சடித்துவிட்டார்கள் என்று அலுவலகத்து அக்கா பிறகு சொன்னார். பேப்பரிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சேருக்கு எழுதினேன். அவர் கோபப்படவில்லை, ஆறுதலடைந்த மாதிரி இருந்தார். காலியான இடத்தில் துறைத் தலைவரின் பெயர் ஏறியது. அவர் எங்கள் கருவியைத் தொட்டும் பார்த்ததில்லை. என்னுடைய தனி அறிக்கையில் முப்பத்தொன்றாம் இலக்கத்தைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதினேன். அதைக் குறைபாடுகள் என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரியாகச் சுருக்கும்படி திருப்பி அனுப்பினார்கள். சுருக்கவில்லை. புள்ளி குறைந்தது. வாப்பா பெறுபேற்றைப் பார்த்துவிட்டு மடித்துத் தந்தார்.

பீடத்திலிருந்து இரண்டு பேர் கமராவோடு பாலமுனைக்குப் போனதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டைக் கண்டுபிடித்து, கருவியை அவளுடைய நெஞ்சில் வைத்த மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார்களாம். அவளுடைய உம்மா வாசலில் நின்றே கேட்டாராம்:

"என்ட மகள் மூச்செடுக்க ஏலாம இரிக்கக்குள்ள உங்கட மெஷின் எங்க போயிரிந்த?"

அவர்கள் ஏதோ விளக்கத் தொடங்க, உம்மா கேற்றைச் சாத்திக் கொளுவியையும் போட்டுவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்ததைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது. "சிரிக்க வைக்காத புள்ள, டொக்டர் ஏசுவார்" என்றாள்.

பிள்ளை, டொக்டர் சொன்ன நாளுக்கு முன்பே வந்தது. பெண்பிள்ளை. பிறக்கும் நேரம் பெரிய டொக்டர்மார் மூன்று பேர் பக்கத்தில் நின்றதாக உம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அவளைப் பிறகு கொழும்புக்கு அனுப்பி, தொடை வழியாக ஒரு கம்பியை விட்டு, பலூன் வைத்து அந்த வாசலை விரித்தார்கள். இப்போது கிணற்றில் எத்தனை வாளி வேண்டுமானாலும் அள்ளுகிறாள்.

கூட்டாளிக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்தது. போவதற்கு முந்தைய வாரம் கல்முனை பஸ் ஸ்டாண்டில் சந்தித்தான். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றியும் வீசாவைப் பற்றியும் கதைத்துவிட்டு, "அந்தப் பதிவு இன்னும் இரிக்கா?" என்றான். போனையும் ஹெட்போனையும் கொடுத்தேன். பஸ்காரர்கள் ஊர்ப் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்த அந்த இரைச்சலில், இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு கேட்டான்.

"இரிக்கி" என்றான் கடைசியில்.

"ஓம்" என்றேன். "அண்டைக்கும் இரிந்திச்சி."

அவன் முகம் கறுத்துப் போனது. பொத்துவில் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான். பாவம் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள் அவளையும் பிள்ளையையும் பார்க்கப் பாலமுனைக்குப் போனேன். திரும்பும் வழியில் கிளினிக்கில் மிஸ்ஸைக் கண்டேன். வாசலில் பத்துப் பதினைந்து தாய்மார் குந்தியிருந்தார்கள்.

"வேல கிடைச்சா?"

"இன்னும் இல்ல மிஸ்."

"எஞ்சினியர்தானே நீங்க? இத ஒருக்காப் பாருங்க." மேசைக்குக் கீழிருந்து பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்து வைத்தார். "காத்து அடிக்க அடிக்க இறங்குது. புதுசு கேட்டு எழுதி எவ்வளவு காலம்! மத்த கிளினிக்ல இரவல் வாங்கித்தான் பாக்கிறன்."

ரப்பர்க் குழாயில், காற்றடிக்கும் பந்து சேரும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு. தண்ணீரில் அமிழ்த்தியதும் குமிழி வந்தது. மிஸ்ஸிடம் கத்தரிக்கோல் வாங்கி, வெடித்த நுனியை வெட்டி எறிந்து, மிச்சக் குழாயை இழுத்து மாட்டி, நூலால் இறுக்கிக் கட்டினேன். ஐந்து நிமிட வேலை. நாலு வருடம் படித்ததில் ஒரு வரிகூட அதற்குத் தேவைப்படவில்லை.

மிஸ் பட்டியைத் தன் கையிலேயே சுற்றிக் காற்றடித்தார். ஊசி ஏறி நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம். நிக்கிது" என்றார். பிறகு வாசலைப் பார்த்து அடுத்த பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.